ஆறு சைக்கிள், மதுரையில் ஒரு காலை

கேள்வி: நாங்கள் ஆறு நண்பர்கள். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க ஆசை. இருவர் வாரந்தோறும் ஓட்டுபவர்கள், மற்ற நால்வர் பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை விட்டவர்கள். மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், தெப்பக்குளம், காந்தி மியூசியம், சமணர் மலை எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா? சைக்கிளில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

பதில்: முடிக்கலாம், ஆனால் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். பழக்கம் விட்டவர்கள் ஊருக்குள் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போவார்கள். நின்று பார்ப்பது, டீ குடிப்பது, பின்தங்கியவருக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் மணிக்கு நான்குதான் தேறும். ஆகவே மூன்று மணி நேரத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசி வீதிகள், தெப்பக்குளம், மகால் மூன்றும் அதற்குள் அடங்கும். கோயில் தரிசனத்தை முந்தின நாள் மாலையே முடித்துவிடுங்கள். உள்ளே செல்போன் கூடாது, அரைக்கால் சட்டை கூடாது, டிசம்பரில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் வேறு. அத்தனைக்கும் நடுவில் ஆறு சைக்கிளுக்கு யார் காவல் நிற்பது?

டிசம்பரில் விடிய ஆறரை ஆகிவிடும். ஆறு மணிக்கே கிளம்புவதானால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எல்லாச் சைக்கிளிலும் இருக்க வேண்டும். ஒன்பதுக்குமேல் கடைவீதி விழித்துக்கொள்ளும், அதற்குள் நெரிசலான பகுதியைக் கடந்துவிடுங்கள்.

மதுரையின் அமைப்பு சைக்கிளுக்கென்றே போட்டது போன்றது. கோயிலுக்கு வெளியே சித்திரை வீதிகள், அடுத்து ஆவணி மூல வீதிகள், அதற்கு வெளியே மாசி வீதிகள், கடைசியாக வெளி வீதிகள். ஒவ்வொன்றும் கோயிலைச் சுற்றி வரும் சதுரம். வழி தவறினாலும் கோபுரம் எந்தப் பக்கம் என்று பார்த்தால் போதும். சித்திரை வீதிகளில் வண்டி ஓட்ட அனுமதி இல்லை, அங்கே நடைதான். நீங்கள் ஓட்ட வேண்டியது மாசி வீதிகளில். சித்திரைத் திருவிழாத் தேர் ஓடும் வீதிகள் ஆகையால் அகலம் இருக்கும். ஒரு சுற்று ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். வெளி வீதிகள் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் அவற்றை அகற்றினார்கள். இன்று அது பஸ் ஓடும் சாலை, முதல் நாள் அதில் இறங்க வேண்டாம்.

ஒரு நுணுக்கம். தேர் வலமாக வரும். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். வலமாகச் சுற்றினால் நான்கு மூலையிலும் வலது திருப்பம், அதாவது எதிர் வண்டிகளை வெட்டிக் கடக்க வேண்டும். இடமாகச் சுற்றினால் நான்கும் இடது திருப்பம். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் நல்லது. கோயிலை இடமாகச் சுற்ற மனம் ஒப்பவில்லை என்றால் வலமாகவே போங்கள், மூலையில் மட்டும் இறங்கித் தள்ளுங்கள். எப்படியானாலும் ஒருவழிப் பலகை என்ன சொல்கிறதோ அதுவே முடிவு.

சுற்றைத் தென்கிழக்கு மூலையில் விளக்குத்தூண் அருகே முடியுங்கள். அங்கிருந்து சந்துக்குள் போனால் பத்துத் தூண். திருமலை நாயக்கர் அரண்மனையின் ஒரு பகுதியில் மிஞ்சிய தூண்கள் துணிக்கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. காரில் வருகிறவர்கள் கோட்டைவிடும் இடம் இது. பிறகு கீழவாசல் வழியாகக் காமராசர் சாலையைப் பிடித்து நேர் கிழக்கே போனால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். மேப்பில் வெறுமனே ‘வண்டியூர்’ என்று போடாதீர்கள், வைகைக்கு வடக்கே இருக்கும் வண்டியூர்க் கண்மாய்க்கு அது கூட்டிப்போய்விடும். குளத்தைச் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலையில் நடைப்பயிற்சிக் கூட்டம் இருக்கும், மணி அடித்து மெதுவாக ஓட்டுங்கள். இட்லிக்கு இங்கேயே நிறுத்தலாம். திரும்பி வரும்போது மகால் திறந்திருக்கும், காலை ஒன்பதிலிருந்து பார்வை நேரம். 1636-இல் கட்டியதில் இன்று நிற்பது ஒரு பகுதிதான். கல் போலத் தெரியும் அந்தப் பெரிய தூண்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்.

கூட்டமாக ஓட்டும்போது தகராறு வருவது தூரத்தால் அல்ல, திருப்பங்களில். முன்னால் போகிறவர் திரும்பிவிடுவார், நான்காவது ஆள் பஸ்ஸுக்குப் பின்னால் சிக்கி நேரே போய்விடுவார். வாரந்தோறும் ஓட்டும் இருவரில் ஒருவர் முதலில், இன்னொருவர் கடைசியில் இருக்கட்டும். ஆக மெதுவாக ஓட்டுகிறவரை இரண்டாவதாக விடுங்கள், வேகம் அவரைப் பார்த்து அமையும். திருப்பத்துக்கு முன்னால் நிற்காதீர்கள். திரும்பி இருபதடி தள்ளி ஓரத்தில் நின்று ஆறு தலையையும் எண்ணுங்கள். ஊருக்குள் ஒற்றை வரிசை, இடையே இரண்டு சைக்கிள் நீளம். நின்றிருக்கும் காரின் கதவு எப்போதும் திறக்கலாம், ஒரு மீட்டர் விடுங்கள். நிற்கும் பஸ்ஸை இடப்பக்கமாக முந்தவே கூடாது, ஆள் இறங்குவது அந்தப் பக்கம். பூ, காய்கறிக் கழிவு நசுங்கிக் கிடக்கும் இடத்தில் திருப்பும்போது முன்பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். பிரேக்கை முன்பே பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுத் திருப்புங்கள்.

வாடகைச் சைக்கிள் எடுப்பதானால் முந்தின மாலையே ஓட்டிப் பார்த்து எடுங்கள். சீட்டில் உட்கார்ந்து, கீழே போன பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். சீட் இதைவிடத் தாழ்ந்தால் ஐந்தாவது கிலோமீட்டரில் முட்டி வலிக்கும். பிரேக்கை முழுசாகப் பிடித்தாலும் லிவருக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும். காற்றின் அளவு டயர் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும். பருத்த டயருக்கு ஊருக்குள் 40 முதல் 50 பிஎஸ்ஐ போதும். பழைய ரகச் சைக்கிளில் வால்டியூப் (வால்வின் மேல் மாட்டும் சின்ன ரப்பர்க் குழாய்) போட்ட வால்வு இருக்கும், அதில் பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் பொருந்தாது. கைப்பம்பு ஒன்றும் கூடுதல் வால்டியூப் இரண்டும் கடைசி ஆளிடம் இருக்கட்டும். காற்று இறங்கும் சைக்கிளில் பல நேரம் டியூபில் ஓட்டையே இருக்காது, வால்டியூப் வெடித்திருக்கும்.

உண்மையிலேயே பஞ்சர் என்றால் பேட்ச் ஒட்டுவதற்குமுன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள்ளை எடுக்காமல் டியூபை மாட்டினால் அடுத்த தெருவில் மறுபடி இறங்கும். சொல்யூஷனைத் தடவி நாலைந்து நிமிடம் காயவிட்ட பிறகே ஒட்ட வேண்டும், ஈரத்தில் ஒட்டியது காற்றடித்ததும் கிளம்பிவிடும்.

காந்தி மியூசியம் இருக்கும் தமுக்கத்துக்கு மதியம் பஸ்ஸில் போங்கள்; கோரிப்பாளையம் சந்திப்பைப் புதியவர்களோடு சைக்கிளில் கடக்க நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். சமணர் மலைக்கு இன்னொரு காலை ஒதுக்குங்கள். ஊருக்கு மேற்கே கீழக்குயில்குடி வரை போக வேண்டும், வழியில் கருவேல முள் அதிகம். அன்றைக்கு ஆளுக்கொரு டியூப் கூடுதலாக எடுத்துப் போங்கள்.