ஆத்துப் பாலத்துக்கு பைல் (தூணுக்கு அடியில மண்ணுக்குள்ள இறங்குற கான்கிரீட் கால்) எவ்வளவு ஆழம் போகணும்னு எதை வச்சு முடிவு பண்றாங்க?

"லோடும் மண்ணும் தெரிஞ்சா பைல் நீளம் வந்துடும்ல?"னு கேட்டிருக்கீங்க. பில்டிங்குக்கு கிட்டத்தட்ட அப்படித்தான். ஆத்துல அது செல்லாது, ஏன்னா போர் லாக்ல (துளை போட்டு எடுத்த மண் பதிவு) பாக்குற மேல் மணல் வெள்ளம் வர்ற அன்னைக்கு அங்க இருக்காது. அதான் ஸ்கவர், மண்ணரிப்பு.

ஒரு கணக்கு போடுவோம். மீட்டர் அகலத்துக்கு செகண்டுக்கு 15 கன மீட்டர் தண்ணி போகுது, சில்ட் ஃபேக்டர் (படுகை மணலோட பருமனை வச்சு வர்ற எண்) 1-னு வச்சுக்கங்க. அரிப்பு ஆழத்தைக் கணக்கு போடுற லேசி ஃபார்முலாவுல 15-ஐ ஸ்கொயர் பண்ணி கியூப் ரூட் எடுத்து 1.34-ஆல பெருக்கினா 8.15 மீட்டர். பியர் (பாலத் தூண்) கிட்ட அதை டபுள் பண்ணச் சொல்லுது பாலம் கட்டுறதுக்கான இந்திய விதி ஐ.ஆர்.சி. 78, ஆக 16.3. இது வெள்ள மட்டத்துல இருந்து கீழ அளக்குறது, அதுல தண்ணி ஆழம் 6 மீட்டர் போக, படுகைக்குக் கீழ 10 மீட்டருக்கு மண்ணே இல்லைன்னு வச்சுத்தான் டிசைன் பண்ணணும். படுகைக்குக் கீழ 30 மீட்டர் பைல் போனாலும் மண் பக்கத்துல உரசிப் புடிக்கிற ஃப்ரிக்‌ஷன் கிடைக்கிறது கடைசி 20-ல மட்டும். இதைவிட வில்லங்கம் என்னன்னா அந்த 10 மீட்டரும் பக்கத்துல புடிமானம் இல்லாம நெட்டுக்க நிக்கும், தண்ணி தள்ளுறது, வண்டி பிரேக் போடுறது, பூகம்பம்னு எல்லாம் பைலை வளைக்கிற மொமென்ட்டா வந்து இறங்கும், டயாவும் கம்பியும் பெரும்பாலும் அதுலதான் முடிவாகும்.

2018 ஆகஸ்ட்ல திருச்சி கொள்ளிடத்துல பழைய இரும்புப் பாலம் விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? மேல வண்டியே ஓடல. வெள்ளத்துல தூண் இறங்கிருச்சு, அவ்வளவுதான்.

பாறை கிடைச்சா அதுக்குள்ள குடைஞ்சு பைலை சாக்கெட் பண்ணிடலாம், நிம்மதி. ஆனா ட்ராயிங்ல பாறை மேல பைல் உக்காந்திருக்கும், சைட்ல நடுவுல சேறு உக்காந்திருக்கும். அதனால கான்கிரீட்டுக்கு முன்னாடி தோண்டின குழிக்குள்ள கயித்துல வெயிட்டைக் கட்டி இறக்கிப் பாப்போம். பாறைன்னா கைக்கு 'டக்'குனு தெரியும், சேறுன்னா கயிறு மெத்துனு தொய்யும். ஒரு தடவை ரிக் (துளை போடுற மெஷின்) ஆப்பரேட்டர் "பாறைதான் சார், ஊத்திடலாம்"னு நிக்குறாரு, கயிறு மெத்துனுது, அளந்தா தோண்டின ஆழத்துக்கு ஒன்றரை அடி குறையுது. கான்கிரீட் லாரி ரெண்டு வேற வந்து சுத்திட்டு நிக்குது. திருப்பி அனுப்பிட்டோம். ஆளாளுக்கு திட்டினாங்க. மறுபடி சேறு போக ஃப்ளஷிங் பண்ணி, குழி சரியாம புடிக்கிற பென்டோனைட் களிமண் கரைசலை மாத்தி, கான்கிரீட்டை அடியில கொண்டு போய் ஊத்துற ட்ரெமி குழாய் இறக்கி ஊத்த ஆரம்பிக்கிறப்ப ராத்திரி ரெண்டு மணி.