வீட்டில் தயாரித்த லோஷனுக்கு உரிமம் வேண்டுமா?

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலேயே பாடி லோஷன் தயாரித்து, 100 மி.லி. பாட்டில்களில் வாட்ஸ்அப் மூலம் விற்கிறேன். அதில் எத்தில்ஹெக்சைல்கிளிசரின் சேர்ப்பதால், ‘கிருமிகளைக் கொல்லும், பிரிசர்வேட்டிவ் அற்றது’ என்று லேபிளில் அச்சிட்டேன். மருந்து ஆய்வாளர் மாதிரி எடுத்துக்கொண்டு நோட்டீஸும் கொடுத்துவிட்டார். சருமத்தை மென்மையாக்கும் பொருள்தான், உரிமம் தேவையில்லை என்று மூலப்பொருள் விற்றவர் கூறியது சரியா?

பதில்: சரியல்ல. அந்தப் பொருள் தடை செய்யப்பட்டதன்று. சருமத்தை மென்மையாக்குவதோடு, நாற்றம் உண்டாக்கும் பாக்டீரியாக்களையும் ஓரளவு கட்டுப்படுத்துவதால், பல கிரீம்களில் பீனாக்ஸிஎத்தனால் என்ற பிரிசர்வேட்டிவுடன் (கெடாமல் காக்கும் பொருள்) அது சேர்க்கப்படுகிறது. ஆயினும், 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி, அழகுக்காகவோ சுத்தத்துக்காகவோ உடலில் பூசத் தயாரிக்கப்படுவது அழகுசாதனப் பொருளே. உரிமமின்றி அதை விற்பனைக்குத் தயாரிப்பதைப் பிரிவு 18(சி) தடுக்கிறது. வீட்டுத் தயாரிப்பு என்பதற்காக விலக்கு இல்லை.

உங்கள் லேபிள்தான் எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. நோயைத் தடுக்கும் நோக்கமுடைய பொருளைச் சட்டம் மருந்தாகவே கருதுவதால், ‘கிருமிகளைக் கொல்லும்’ என்ற வாசகம் உங்கள் லோஷனை மருந்தென்று வாதிட இடமளிக்கிறது. ‘பிரிசர்வேட்டிவ் அற்றது’ என்பதும் ஆபத்தானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரிசர்வேட்டிவ் பட்டியலில் இப்பொருள் இல்லை என்று சிலர் வாதிடுவதுண்டு. ஆனால் லோஷன் கெடாமலிருக்க உதவும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு அவ்வாறு அச்சிடுவது, வாங்குபவரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச்செல்லும் கூற்று எனப் பிரிவு 17சி-யின் கீழ் கொள்ளப்படலாம். அந்த வாதத்தை நம்பி இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

விற்பனையை உடனே நிறுத்துங்கள். ஆனால் இருக்கும் பாட்டில்களின் லேபிளைக் கிழிப்பதோ வாட்ஸ்அப் செய்திகளை அழிப்பதோ கூடாது, அது சாட்சியத்தை அழித்ததாக உங்களுக்கு எதிராகவே திரும்பும். தயாரிக்கும் இடத்தில் எடுத்த மாதிரியை மூன்று பகுதிகளாக்கி முத்திரையிட்டு, ஒன்றை உங்களிடம் தர வேண்டும். தந்திருந்தால் முத்திரை கலையாமல் வைத்திருங்கள். பகுப்பாய்வு அறிக்கை பாதகமாக வந்தால், அதன் நகல் கிடைத்த 28 நாட்களுக்குள், அதை மறுத்துச் சாட்சியம் அளிக்க விரும்புவதாக எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். தவறினால் அந்த அறிக்கையே முடிவான சாட்சியமாகிவிடும். நோட்டீஸுக்குக் குறித்த கெடுவுக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்பி, மூலப்பொருளின் பில்லையும் இணையுங்கள்.

தொழிலைத் தொடர விரும்பினால், 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி, மாநில உரிம அதிகாரியிடம் படிவம் சிஓஎஸ்-5இல் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் அதற்கான வசதி இல்லையெனில், உரிமம் பெற்ற தொழிற்சாலையில் தயாரித்து வாங்கும் லோன் லைசென்ஸுக்கு சிஓஎஸ்-6 படிவம் உண்டு.