மீசை வெச்சு மேடையேறுற பொண்ணுங்க: அக்காவைக் கேளுங்க

ஜூன் மாசம் வந்தாலே இந்தப் பகுதிக்கு பிரைட் பத்தி, அதாவது பால்புதுமையினரோட (LGBTQ மக்களோட) பெருமைக் கொண்டாட்டம் பத்தி, கேள்விகள் குவிய ஆரம்பிச்சிடும். இந்தத் தடவை நிறைய பேர் டிராக் கிங் பத்தி கேட்டிருக்கீங்க, அதனால மத்ததை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிறேன். பேர் போட வேணாம்னு கேட்டிருக்கீங்க, ஊர் மட்டும் போடுறேன்.

கேள்வி: அக்கா, டிராக் க்வீன்னா தெரியும், பொம்பள வேஷம் போட்டு மேடையில ஆடுறவங்க, ரீல்ஸ்ல பாத்திருக்கேன். டிராக் கிங்னா ஆம்பள வேஷம் போடுறதா? நாங்க ஸ்கூல்ல பாரதியார் வேஷம் போட்டிருக்கோமே, அதுல இருந்து இது எப்படி வேற? (சேலம்)

பதில்: தங்கச்சி, பாரதியார் வேஷத்துல நீங்க பாரதியாரா நின்னு ஒரு பாட்டு சொல்லிட்டு இறங்கிடுவீங்க. டிராக் கிங் தனக்குன்னு ஒரு ஆளையே உருவாக்குறாங்க. அவனுக்கு ஒரு பேர், ஒரு நடை, ஒரு ஊர் ஸ்லாங், பிடிச்ச ஹீரோ, பொண்ணுங்களைப் பாத்தா ஒரு வழிசல், எல்லாம் இருக்கும். அந்த ஆளா மேடையில லிப்சிங்க் பண்ணுவாங்க, ஆடுவாங்க, காமெடி பண்ணுவாங்க. வேட்டியை மடிச்சுக் கட்டுறதுக்கு முன்னாடி சுத்தியும் ஒரு தடவை பாப்பாங்க இல்ல ஆம்பளைங்க, யாராச்சும் நம்மளைப் பாக்குறாங்களான்னு, அந்த ஒரு பார்வைய ஒரு பொண்ணு மேடையில அப்படியே செஞ்சு காட்டும்போது பாக்குற அத்தனை பொம்பளைங்களும் கத்துவாங்க, ஏன்னா நம்ம எல்லாரும் அதை பஸ் ஸ்டாண்ட்ல, கல்யாண வீட்டுல, தெருமுனையில பாத்துப் பாத்து வளர்ந்திருக்கோம், ஆனா அதை உத்துப் பாக்க நமக்கு அனுமதி கிடையாது. கிங் ஷோல அந்த அனுமதி கிடைக்குது. கிண்டல் மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க, சில கிங்குகள் ரொம்ப மென்மையான ஆம்பளைய காட்டுவாங்க, அழுவுற ஆம்பளை, பயப்படுற ஆம்பளை, இன்னொரு ஆம்பளைய காதலிக்கிற ஆம்பளை.

செய்யறவங்க லெஸ்பியன் பெண்களா இருக்கலாம், பைசெக்ஷுவலா இருக்கலாம், ஆண், பெண்ணுன்னு ரெண்டுலயும் அடங்காத நான்பைனரியா இருக்கலாம், ஆண்களை மட்டுமே விரும்புற பெண்ணாவும் இருக்கலாம். திருநம்பிகளோட, அதாவது பொறந்தப்ப பொண்ணுன்னு சொல்லப்பட்டு ஆணா வாழ்றவங்களோட, இதைக் குழப்பிக்காதீங்க. திருநம்பி மேக்கப் கலைச்சாலும் ஆண்தான், அது அவர் வாழ்க்கை. கிங் மேடைக்கான ஆள். திருநம்பி ஒருத்தர் டிராக் கிங்காவும் ஆடலாம், அப்படி ஆடுறவங்க இருக்காங்க.

கேள்வி: இதெல்லாம் வெளிநாட்டு இறக்குமதி அம்மா. நம்ம பெண்கள் ஆண் வேஷம் கட்டுவது நம் பண்பாட்டில் உண்டா? எதற்கு இதை எல்லாம் எழுதுகிறீர்கள்? (மதுரை)

பதில்: ஐயா, மதுரைக்காரர் நீங்களே இதைக் கேட்டதுல எனக்கு ஆச்சரியம்தான், ஏன்னா நாடகத்துக்குப் பேர் போன ஊர் அது. ராஜபார்ட் வேஷம் ஆம்பளைங்களுக்கு மட்டும் எழுதி வெச்சதா இருந்ததில்ல. கும்பகோணம் பாலாமணி அம்மாள் கம்பெனில நடிச்சவங்க பெண்கள்தான், ராஜாவும் அவங்களே மந்திரியும் அவங்களே. 1935ல வந்த பக்த நந்தனார் படத்துல நந்தனாரா நடிச்சவங்க கே.பி. சுந்தராம்பாள், அதுக்கு ஒரு லட்ச ரூபா சம்பளம் வாங்குனதுதான் அன்னைக்கு ஊரே பேசுன விஷயம். 1941ல சாவித்திரி படத்துல எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதரா வந்தாங்க. நம்ம தாத்தா பாட்டிங்க கைகூப்பிப் பாத்தாங்க, யாரும் பண்பாடு போச்சுன்னு எழுந்து போகல. இப்பக் கூட காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்து சங்கத்துல பயிற்சி எடுத்த பொண்ணுங்க கிரீடமும் புஜக்கட்டையும் மாட்டிக்கிட்டு ராத்திரி பூரா கூத்தாடுறாங்க.

அவங்க எல்லாம் டிராக் கிங்னு நான் சொல்ல வரல. சுந்தராம்பாள் பக்திக்காகப் பாடுனாங்க, அது வேற. ஆனா பொம்பளை ஆம்பளையா வந்து நின்னா ஜனங்க ஏத்துக்க மாட்டாங்கன்னு சொல்றது மட்டும் நம்ம மேடைக்கே பொருந்தாது. வெளிநாட்டுல இருந்து வந்தது இப்ப இருக்கிற ஷோ வடிவம், அதை மறைக்கவும் வேண்டியதில்ல. லண்டன்ல வெஸ்டா டில்லின்னு ஒரு பாடகி, நூறு வருஷத்துக்கு முன்னாடியே கோட் சூட், தொப்பி, கைத்தடியோட ஆம்பளையா பாடி பெரிய ஸ்டாரா இருந்தாங்க. நியூயார்க் ஹார்லம்ல கிளாடிஸ் பென்ட்லி, கறுப்பினப் பெண், 1920கள்ல வெள்ளை டக்சீடோ போட்டு பியானோ முன்னாடி உக்காந்து ராத்திரி ராத்திரி பாடுவாங்க, பொண்ணுங்களைத்தான் காதலிக்கிறேன்னு வெளிப்படையாவே இருந்தாங்க, பின்னாடி 1950கள்ல அந்த நாட்டு அரசியல் இறுகி எல்லாரையும் விரட்டுன காலத்துல அவங்களும் பாவாடை சட்டை போட்டு, தான் மாறிட்டேன்னு பத்திரிகையில எழுத வேண்டி வந்துச்சு. அதைப் படிக்கிறப்பல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

கேள்வி: அக்கா நான் ஒரு டிராக் கிங். பிரைட் மாசத்துல க்வீன்களுக்கு வரிசையா ஷோ வருது, எங்களை யாரும் கூப்பிடுறதே இல்ல, கூப்பிட்டாலும் ஆரம்பத்துல அஞ்சு நிமிஷம். சொந்த ஆளுங்களே இப்படி செய்யறது வலிக்குது. நாங்க நல்லா பண்ணலயா? (சென்னை)

பதில்: இந்தக் கடிதத்துக்காகத்தான் இந்த முழுப் பகுதியையும் ஒதுக்குனேன். நீங்க நல்லா பண்றீங்களா இல்லையாங்கிறது அப்புறம், உங்களுக்கு நல்லா பண்ற அளவுக்கு மேடையே கிடைக்கல, அதுதான் உண்மை.

க்வீன்கள் மேல கோபப்படாதீங்க கண்ணு, அவங்களும் கல்லடி வாங்கித்தான் வந்திருக்காங்க, தமிழ்நாட்டுல பிரைட் நடக்குதுன்னா அதுல திருநங்கைகளோட உழைப்பு எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். பிரச்சனை வேற இடத்துல இருக்கு. ஷோ எல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்கு, பப்புல. லேடீஸ் ஹாஸ்டல் கேட் அதுக்கு முன்னாடியே மூடிடும். வீட்டுல இருக்கிற பொண்ணு எங்க போறேன்னு சொல்லிட்டு வரும், மீசைய எங்க ஒட்டிக்கும், எந்த ஆட்டோல திரும்பிப் போகும்? ராத்திரி வெளிய இருக்கிறதே பொண்ணுங்களுக்குக் கஷ்டமா வெச்சிருக்கிற ஊர்ல, ராத்திரியில மட்டும் நடக்கிற கலை யாருக்குப் போய்ச் சேரும்னு நடத்துறவங்க யோசிக்கணும். அடுத்தது கண்ணுக்குப் பழக்கம். க்வீன் வந்தா விக், கிளிட்டர், ஆறு இஞ்ச் ஹீல்ஸ், உடனே கைதட்டல். கிங் வந்தா ஒரு சட்டை பேண்ட், ஒரு மீசை, இதுல என்ன வேஷம் இருக்குன்னு கேக்குறாங்க, ஏன்னா ஆம்பளைத்தனத்தை யாரும் வேஷமாவே நினைக்கிறதில்ல, அது பாட்டுக்கு இயற்கையா இருக்குன்னு நினைக்கிறாங்க. அதை வேஷம்னு காட்டுறதுதான் உங்க வேலை, அதனாலதான் அது கஷ்டமான வேலை, பத்து நிமிஷமாவது வேணும், அஞ்சு நிமிஷத்துல ஒரு ஆளை உருவாக்க முடியாது.

ஸ்டோர்மே டிலார்வெரி பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. ஜுவல் பாக்ஸ் ரெவ்யூன்னு அமெரிக்காவுல ஊர் ஊரா போன டிராக் குழு, இருபத்தஞ்சு ஆண்களும் ஒரு பெண்ணும்னு விளம்பரம் பண்ணுவாங்க. பாக்குறவங்க ராத்திரி பூரா யார் அந்தப் பெண்ணுன்னு கவுன் போட்டவங்களுக்குள்ள தேடிட்டு இருப்பாங்க, கடைசில பாத்தா சூட் போட்டு மைக் பிடிச்சு நிகழ்ச்சிய நடத்துன அந்த ஆம்பளைதான் பெண்ணு, ஸ்டோர்மே. 1955ல இருந்து 1969 வரைக்கும் அந்த வேலை. 1969 ஜூன்ல நியூயார்க்ல ஸ்டோன்வால்ங்கிற பார்ல போலீஸை எதிர்த்து நின்ன கூட்டத்துலயும் இருந்தாங்க, முதல் அடியே அவங்க குடுத்ததுதான்னு சொல்றவங்க நிறைய. நாம கொண்டாடுற பிரைட்டோட பொறப்புல ஒரு டிராக் கிங் நின்னிருக்காங்க, அப்படி இருக்கிறப்ப பிரைட் மேடையில கிங்குக்கு இடம் இல்லன்னா அது நியாயமே இல்ல. நம்ம நாட்டுலயும் மும்பையில துர்கா காவ்டே, சிற்பக் கலைஞர், இந்தியாவோட முதல் டிராக் கிங்குகள்ல ஒருத்தரா பேசப்படுறவங்க. 2019ல டிராக்குலாங்கிற (Dragula) அமெரிக்க டிராக் போட்டியில லேண்டன் சைடர்ங்கிற டிராக் கிங் ஜெயிச்சதும் க்வீன்களோட நேருக்கு நேர் மோதித்தான்.

கூப்பிட மாட்டேங்கிறாங்கன்னா நீங்களே ஒரு மதியானம் நாலு மணிக்கு மொட்டை மாடியிலயோ, தெரிஞ்சவங்க நடத்துற கஃபேலயோ, ஒரு நூலக ஹால்லயோ ஆரம்பிங்க. ரெண்டு கிங் போதும். பாக்குறவங்க இருபது பேர் போதும். ஆறரைக்கு முடிச்சா எல்லாரும் வீடு போய்ச் சேரலாம். நானும் வர்றேன், நிஜமாத்தான் சொல்றேன்.

கேள்வி: என் மகள் மீசை வரைந்து எடுத்த போட்டோவை அவள் போனில் பார்த்தேன். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டரிடம் காட்டினால் சரியாகி விடும் என்று என் நாத்தனார் சொல்கிறார். (திருச்சி)

பதில்: அம்மா, முதல்ல சாப்பிடுங்க. மீசை வரைஞ்சதை வெச்சு உங்க பொண்ணு யாருன்னு நீங்களோ நானோ முடிவு பண்ண முடியாது, வெறும் நடிப்பு ஆசையாவும் இருக்கலாம், அவ மனசுல வேற எதாவது இருக்கவும் செய்யலாம், அதை அவதான் சொல்லணும், சொல்ற மாதிரி நீங்க இருக்கணும். "சரி பண்றேன்"னு சொல்ற டாக்டர்கிட்ட மட்டும் தயவுசெஞ்சு போயிடாதீங்க. சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன்ல குடுத்த உத்தரவுல பால்புதுமையினரை மருந்து குடுத்து மாத்துறேன்னு சொல்றதைத் தடை பண்ணச் சொன்னார். 2022ல தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிச் செய்யறது டாக்டர்களுக்குத் தொழில் ஒழுங்கீனம்னு அறிவிச்சிருச்சு. இன்னொண்ணு சொல்றேன், அந்த நீதிபதியே தனக்கு இது முழுசாப் புரியலன்னு வெளிப்படையா சொல்லி, ஒரு உளவியலாளர்கிட்ட உக்காந்து பேசிட்டுத்தான் தீர்ப்பு எழுதுனார். அவ்வளவு பெரிய பதவில இருக்கிறவரே கத்துக்கலாம்னா நாமளும் கத்துக்கலாம். உங்க நாத்தனார்கிட்ட இதை இப்பவே பேச வேணாம், பொண்ணு முதல்ல.

கேள்வி: மொத தடவை கிங் மேக்கப் போடப்போறேன், தாடி எப்படி? மார்பைத் தட்டையாக்குற பைண்டர் வாங்க காசில்ல, கிரேப் பேண்டேஜ் சுத்திக்கலாமா? (கோவை)

பதில்: பேண்டேஜ் கூடவே கூடாது. நீ மூச்சு விட விட அது இறுகிக்கிட்டே போகும், விலா எலும்பு வரைக்கும் பாதிக்கும். பேக்கிங் டேப்பும் கூடாது, தோல் உரிஞ்சு வந்துரும். ஃபிட்டான ஸ்போர்ட்ஸ் பிரா ஒண்ணு, மேல பெரிய பிரிண்ட் போட்ட லூஸ் சட்டை, மொத ஷோவுக்கு அது தாராளம். பின்னாடி பைண்டர் வாங்குனாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல வேணாம், போட்டுக்கிட்டு தூங்காத, வலிச்சா உடனே கழட்டு. வீசிங் இருந்தா டாக்டரைக் கேக்காம போடவே போடாத.

தாடிக்கு மூணு நாள் ஷேவ் பண்ணாத மூஞ்சி மாதிரி வேணும்னா ஓட்டை ஓட்டையா இருக்கிற ஸ்பாஞ்ச்ல டார்க் பிரவுன் ஐஷேடோ தொட்டு தாடையில ஒத்தி எடு, தேய்க்காத. நிஜ முடி ஒட்டணும்னா பொடிசா நறுக்குன முடிய தாடைக்குக் கீழ இருந்து மேல வரிசையா ஒட்டிக்கிட்டு வா, மேல இருந்து ஆரம்பிச்சா பொய்னு தெரிஞ்சுரும். முடி ஒட்டுற பசை, ஸ்பிரிட் கம், அதை முந்தின நாளே முழங்கை மடிப்புல தடவிப் பாரு, அரிச்சா விட்டுட்டு ஐலாஷ் பசை வாங்கிக்கோ. புருவத்தை அடர்த்தியாக்கு, கன்னத்துல பிளஷ் போடாத, தாடை ஓரத்துல ஷேடு குடு. கலைக்கிறப்ப தேங்காயெண்ணெய் ஊறவிட்டு எடு, பிச்சு இழுக்காத.

கேள்வி: பிரைட் பேரணிக்கு வர ஆசை, ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. போட்டோல மாட்டிக்கிட்டா? (ஓசூர்)

பதில்: பயம் நியாயமானதுதான் தம்பி. 1999 ஜூலை 2ல கொல்கத்தாவுல பதினஞ்சு பேர் நடந்தாங்க, இந்தியாவுல மொத பேரணி அதுதான். சென்னையில 2009 ஜூன் 28, மெரினாவுல, நடந்து நாலு நாள் கழிச்சுத்தான் டெல்லி உயர் நீதிமன்றம், ஒரே பாலின உறவைக் குத்தமாக்குன சட்டப் பிரிவு 377 அவங்களுக்குப் பொருந்தாதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு, அதாவது அன்னைக்கு நடந்தவங்க சட்டம் எதிரா இருக்கிறப்பவே நடந்தாங்க. அந்தத் தீர்ப்பை 2013ல உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணி, திரும்ப 2018 செப்டம்பர் 6ல 377ஓட பிடியை எடுத்துச்சு. இன்னைக்கு பேரணியில நடக்கிறதோ ஒருத்தரைக் காதலிக்கிறதோ குத்தமில்ல. ஆனா ஆபீஸ் வேற, சட்டம் வேற, அதனால மாஸ்க், தொப்பி, கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு வாங்க, அப்படி வர்றவங்க எப்பவும் உண்டு, யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. கேமரா எல்லாம் முன்வரிசை பேனரைத்தான் சுத்தும், நடுவுல நடங்க. இந்த வருஷம் மனசு வரலன்னா வராம இருக்கிறதும் தப்பில்ல.

கேள்வி: எங்க காலேஜ் பிரைட் நிகழ்ச்சிக்கு ஒரு டிராக் கிங்கைக் கூப்பிடலாம்னு இருக்கோம், என்ன கவனிக்கணும்? (சென்னை)

பதில்: சந்தோஷம்! நிகழ்ச்சிய பகல்ல வைங்க. பூட்டு போடுற மாதிரி ஒரு ரூம், நல்ல கண்ணாடி, லைட், ஃபேன் குடுங்க, பாத்ரூம்ல நின்னு மீசை ஒட்ட வைக்காதீங்க. போஸ்டர்ல மேடைப் பேர் மட்டும் போடுங்க, நிஜப் பேரை வாலண்டியர்கிட்ட கூட சொல்லாதீங்க. வீடியோ எடுக்கலாமான்னு முன்னாடியே கேட்டு, வேணாம்னா மேடையில இருந்தே அறிவிச்சிடுங்க. மேக்கப்போட வந்தா கேட்ல செக்யூரிட்டி நிறுத்துவாரு, அவர்கிட்ட காலையிலயே ஒரு ஆள் போய் மரியாதையா சொல்லி வைங்க. ஷோ முடிஞ்சதும் வண்டி ஏத்தி விடுற வரைக்கும் கூட ஒருத்தர் இருக்கணும். எக்ஸ்போஷர் கிடைக்கும்னு சொல்லி சும்மா ஆட வைக்கிற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு, அதை மட்டும் செஞ்சுராதீங்க, க்வீனுக்கு எவ்வளவு குடுப்பீங்களோ அதே காசு, பேசுன அன்னைக்கே பாதி, மேடை ஏறுறதுக்கு முன்னாடி மீதி.