ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு வீட்டிலேயே உணவு செய்வது எப்படி?

குழந்தைக்கு ஆறு மாதம் முடியப்போகிறது, டப்பா மாவு வாங்காமல் வீட்டிலேயே என்ன கொடுக்கலாம், பெரியவர்கள் பருப்புத் தண்ணீரில் ஆரம்பிக்கச் சொல்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மன்னார்குடிப் பக்கம். என் பிள்ளைகளுக்கு எங்கள் வயல் அரிசியும் பயறும்தான் முதல் சாப்பாடு. பருப்புத் தண்ணீர் வேண்டாம், பருப்பையே கொடுங்கள் என்பதுதான் என் பதில்.

குழந்தையின் வயிறு ரொம்பச் சின்னது. கஞ்சித் தண்ணீரோ பருப்புத் தண்ணீரோ கொடுத்தால் வயிறு ரொம்பிவிடும், எடை ஏறாது. ஆறிலிருந்து எட்டு மாதம் வரை, தாய்ப்பால் போக உணவிலிருந்து மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். தெளிந்த தண்ணீரில் அது எங்கே இருக்கிறது? ஸ்பூனைச் சாய்த்தால் சட்டென்று ஓடக்கூடாது, மெதுவாக விழ வேண்டும். அதுதான் பதம்.

எங்கள் பக்கம் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே, நிற்கிற பயிருக்குள் ஈரம் காயாத வயலில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். அதனால் அரிசியும் பயறும் ஒரே மண்ணிலிருந்து வீட்டுக்கு வந்துவிடும். குழந்தைக்கும் அந்த ஜோடியே போதும். அரிசியில் குறைகிற லைசின் என்ற புரதக்கூறைப் பயறு ஈடுகட்டும்.

புழுங்கலரிசி இரண்டு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு. கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போக உலர்த்துங்கள். அடிகனமான வாணலியில் சிறு தீயில் தனித்தனியாக வறுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வறுத்தால் அரிசி பொரிவதற்குள் பருப்பு கருகிவிடும். அரிசி வெளுத்து உப்பி வரும்போது இறக்குங்கள், பருப்பு லேசாகச் சிவந்து மணம் வந்தால் போதும். ஆறிய பிறகு அரைத்துச் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பத்து நாளைக்கு ஆகிற அளவு மட்டும் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாவு சீக்கிரம் பூசணம் பிடிக்கும்.

இரண்டு மேசைக்கரண்டி மாவை முக்கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் மாவைப் போட்டால் கட்டி தட்டும். கிண்டிக் கிண்டி நன்றாக வெந்ததும் அரை ஸ்பூன் நெய். ஆற ஆற இறுகும்; அப்போது தாய்ப்பால் கொஞ்சம் விட்டுத் தளர்த்துங்கள்.

முளைகட்டிய கேழ்வரகு மாவு இருந்தால் இன்னொரு வழி உண்டு. கஞ்சியைக் கெட்டியாகவே காய்ச்சி இறக்கி, கொதி அடங்கிய பிறகு, சூடு இருக்கும்போதே அந்த மாவில் கால் ஸ்பூன் போட்டுக் கலக்கிப் பாருங்கள். சில நிமிடத்தில் கஞ்சி தானாக இளகும். முளைக்கும்போது உண்டாகிற அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. தண்ணீர் சேர்க்காமலே விழுங்குகிற பதம் வந்துவிடும், சத்தும் குறையாது. திரும்ப ஒரு கொதி விட்டுக் கொடுங்கள். மழைக்காலத்தில் மட்டும் முளைகட்டாதீர்கள், காய வைக்க வெயில் கிடைக்காது.

ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று ஸ்பூன் போதும். நாளுக்கு இரண்டு மூன்று வேளை என்று கூட்டிக்கொண்டே போங்கள். புதுப் பொருள் எது கொடுத்தாலும் மூன்று நாளைக்கு வேறு புதுசு எதுவும் சேர்க்க வேண்டாம். இருபது தானியம் போட்ட சத்துமாவை முதல் மாதத்திலேயே கொடுத்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. குழந்தை நாக்கால் வெளியே தள்ளுவதைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விழுங்கப் பழகுகிறது, அவ்வளவுதான்.

ஏழாவது மாதத்திலேயே இரும்புச்சத்தைக் கவனியுங்கள். பிறக்கும்போது சேர்ந்திருந்த இருப்பு இந்த வயதில் தீர்ந்துகொண்டு வரும், தாய்ப்பாலில் இரும்பு குறைவு. அசைவம் உண்டென்றால் நன்றாக வெந்த ஈரலையோ கோழியையோ மசித்துக் கொடுங்கள். மீன் கொடுத்தால் சதையை விரலால் பிசைந்து முள் பார்த்துவிட்டுக் கொடுங்கள், கெண்டை மாதிரி பொடிமுள் மீன் வேண்டாம். வேகவைத்த முட்டையும் கொடுக்கலாம். சைவ வீடென்றால் பயறு, முருங்கைக்கீரை இவற்றோடு நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. வைட்டமின் சி இருந்தால்தான் அந்த இரும்பு நன்றாக உடம்பில் சேரும். இரும்புச்சத்து மருந்து தேவையா என்று தடுப்பூசிக்குப் போகும்போது கேட்டுவிடுங்கள்.

ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, வெல்லம் எதுவும் வேண்டாம். தேனை நாக்கில் தடவவே கூடாது. அதில் பாட்டுலிசம் என்ற, நரம்பைத் தாக்கும் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம், பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாதது குழந்தைக்கு ஆபத்து. பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். டப்பா மாவு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சர்க்கரை சேர்த்திருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

காலையில் காய்ச்சியதை மத்தியானம் சூடு பண்ணிக் கொடுக்க வேண்டாம். நம் ஊர் வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. கிண்ணத்தில் மிஞ்சியது எச்சில் பட்டது, கொட்டிவிடுங்கள்.

எட்டு மாதம் ஆனதும் மாவை ரவை பதத்துக்கு அரையுங்கள், குழைந்த சோற்றை மிக்ஸியில் போடாமல் கையால் மசியுங்கள். ஒன்பது மாதத்தில் இட்லியைப் பிட்டுக் கையில் கொடுக்கலாம். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வயதில், காரம் போடுவதற்கு முன் உங்கள் குழம்பிலிருந்தே பருப்பும் காயும் எடுத்து வைத்துவிட்டால் தனிச் சமையலே தேவைப்படாது.