அண்ணாச்சி பதில்கள்: அடிவயிற்றிலிருந்து பார்த்த போயிங்

போன இதழில் போயிங் என்ற விமானக் கம்பெனியின் பெயரை ஒரே ஒரு தடவை எழுதினேன். வடசேரி வீட்டுக்குக் கட்டுக் கட்டாகக் கடிதங்கள் வந்துவிட்டன. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விமானியும் இல்லை, எஞ்சினியரும் இல்லை. வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் 27 வருடம் சரக்கு ஏற்றி இறக்கியவன். விமானத்தை நான் அதிகம் பார்த்தது அதன் வயிற்றுக்குள் இருந்துதான். பதிலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

707, 727, 737 என்று எல்லாம் 7-ல் தொடங்கி 7-ல் முடிகிறதே, ராசி எண்ணா அண்ணாச்சி?
— கல்லூரி மாணவர், தக்கலை

ஜோசியம் எல்லாம் இல்லை தம்பி. போயிங் கம்பெனி தன் தயாரிப்புகளுக்கு நூறு நூறாக எண் ஒதுக்கியிருந்தது. 300, 400 விமானங்களுக்கு, 500 டர்பைன் எஞ்சினுக்கு, 600 ஏவுகணைக்கு, 700 ஜெட் போக்குவரத்து விமானத்துக்கு. வெறும் 700 சப்பென்று இருக்கிறது, 707 என்றால் வாயில் நிற்கும் என்று விளம்பரப் பிரிவு சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது. 1958-ல் 707 பயணிகளை ஏற்றத் தொடங்கியது. அப்புறம் மூன்று எஞ்சின் வைத்த 727, குட்டி 737, யானை மாதிரி 747, ஒல்லியாக நீண்ட 757, உள்ளே இரண்டு நடைபாதை கொண்ட 767, 777, 787. இதில் 717 மட்டும் தத்துப்பிள்ளை. மெக்டொனல் டக்ளஸ் என்ற இன்னொரு கம்பெனி உருவாக்கிய விமானம் அது. 1997-ல் இரு கம்பெனிகளும் ஒன்றானதும் பெயரை மாற்றி வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். 156-ஓடு நின்றுவிட்டது.

திருவனந்தபுரத்தில் 737-800-ல் ஏறும்போது பார்த்தேன். எஞ்சினின் வாய் வட்டமாக இல்லை, அடியில் சப்பையாக இருக்கிறது. எங்கேயாவது முட்டிவிட்டதா?
— குளச்சல் வாசகர், இப்போது ஷார்ஜாவில்

முட்டவில்லை. தரையில் முட்டிவிடக் கூடாதே என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். இதன் கதை கொஞ்சம் நீளம்.

1967-ல் 737 முதன்முதலாகப் பறந்தபோது அது சின்ன ஊர்களுக்கான விமானம். பெட்டிகளை மேலே ஏற்றும் பெல்ட் வண்டி இல்லாத இடத்திலும் ஆட்கள் தரையில் நின்றபடியே பெட்டியைத் தூக்கி உள்ளே போட வேண்டும். அதனால் வயிற்றைத் தாழ்வாக வைத்தார்கள். அன்றைய எஞ்சின் சுருட்டு மாதிரி ஒல்லி, இறக்கைக்கு அடியில் ஒட்டிக்கொண்டது. 1984-ல் 737-300 வந்தபோது எஞ்சின் பெருத்துவிட்டது, ஆனால் விமானத்தின் உயரம் பழையதுதான். எஞ்சினுக்குக் கீழே இருந்த துணைக் கருவிகளைப் பக்கவாட்டில் தள்ளி, கூட்டின் அடியைச் சப்பையாக்கினார்கள். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

737-ன் புது வகையான மேக்ஸ் வந்தபோது எஞ்சின் இன்னும் பெரிதானது. இந்தத் தடவை அதை முன்னுக்கும் மேலுக்கும் நகர்த்தி, மூக்குச் சக்கரத்தின் காலையும் உயர்த்தினார்கள். அதனால் சில நிலைகளில் மூக்கு மேலே தூக்கும் குணம் வந்தது. அதை அடக்க ஒரு மென்பொருள் வைத்தார்கள். அது ஒரே ஒரு உணர்கருவியை நம்பியிருந்தது. அந்தக் கருவி பொய் சொன்னபோது மென்பொருள் மூக்கைக் கீழே அழுத்திக்கொண்டே போனது. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு விபத்துகள், 346 பேர் போனார்கள். உலகம் முழுக்க மேக்ஸ் தரையில் நின்றது. மென்பொருளைத் திருத்திய பிறகுதான் மறுபடி பறக்கவிட்டார்கள். பெட்டி தூக்குகிறவனுக்கு வசதியாக என்று 60-களில் வைத்த உயரம், 50 வருடம் கழித்து எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்.

அந்த வசதியும் எங்களுக்குப் பாதிதான். 737-ன் ஹோல்டுக்குள், அதாவது வயிற்றிலுள்ள சரக்கு அறைக்குள், நிமிர முடியாது. கன்டெய்னரும் கிடையாது, எல்லாம் கையால். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு மண்டியிட்டு, ஒருவன் தள்ள ஒருவன் அடுக்க வேண்டும். ஆகஸ்ட் மாதம் உள்ளே போய்விட்டு வந்தால் சட்டையைப் பிழியலாம். ஊருக்கு வரும் அட்டைப்பெட்டிகளை நீல நைலான் கயிற்றால் கட்டி, மார்க்கர் பேனாவால் பெயரும் ஊரும் எழுதியிருப்பார்கள். திட்டுவிளை, தேங்காப்பட்டணம், குளச்சல் என்று கண்ணில் பட்டால் அந்தப் பெட்டியை மட்டும் மேல் வரிசையில் வைப்பேன். பாரபட்சம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பூவுக்கென்று தனிச் சரக்கு விமானம் விட்டால் நமக்குக் கட்டுபடியாகுமா?
— பூ வியாபாரி, தோவாளை

ஆகாது அண்ணாச்சி. சரக்கு விமானம் நிறைந்தால்தான் பறக்கும். 737-800-ஐச் சரக்கு விமானமாக மாற்றினாலே சுமார் 23 டன் ஏறும். தினமும் அவ்வளவு பிச்சியும் மல்லியும் ஒரே ஊருக்கு அனுப்புவீர்களா? திரும்பி வரும்போது எதை ஏற்றுவது? பயணி விமானத்தின் வயிறுதான் உங்களுக்கு லாபம். 777-300இஆர் மாதிரிப் பெரிய விமானத்தில் மேலே 350 பேர் உட்கார்ந்திருக்க, கீழே 20 டன் வரை சரக்கும் போகும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது பெட்டியின் அளவு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் ஒரு கிலோ கணக்கு வரும். அதுவா, தராசு காட்டும் கிலோவா, எது அதிகமோ அதற்குத்தான் பணம். 60-க்கு 40-க்கு 40 பெட்டியில் 9 கிலோ பூ இருந்தாலும் 16 கிலோவுக்குக் கட்டணம் போடுவார்கள். மூடியின் கீழ் நாலு விரல் காலி இடம் விட்டால் அது உங்கள் கைக்காசு.

747-க்கு மட்டும் முதுகில் திமில் ஏன்?
— ஆறாம் வகுப்பு மாணவி, கன்னியாகுமரி

உன் கேள்வியைப் படித்ததும் சந்தோஷமாகிவிட்டது மக்ளே. 60-களில் எல்லாரும் என்ன நினைத்தார்கள் தெரியுமா? இனி ஆட்கள் ஒலியைவிட வேகமான விமானத்தில் போவார்கள், 747 கடைசியில் சரக்குதான் சுமக்கும் என்று. சரக்கு ஏற்றச் சுலபமான வழி மூக்கையே கதவாக்கித் திறப்பது. மூக்கில் விமானி உட்கார்ந்திருந்தால் எப்படித் திறப்பது? அவரை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். மாடி காற்றில் வழுக்கிப் போக வேண்டுமே என்று பின்னால் சரித்துக்கொண்டு போனதுதான் அந்தத் திமில். ஒலியை முந்தும் விமானம் ஊர் முழுக்கப் பரவவில்லை. 747-ல் ஆட்களே அரை நூற்றாண்டு பறந்தார்கள்.

மூக்கு திறப்பதை நேரில் பார்க்க வேண்டும். திமிங்கலம் கொட்டாவி விடுவது மாதிரி மெதுவாக மேலே போகும். உள்ளே உருளைகள் பதித்த தரை, சரக்கு அடுக்கிய பலகையான பாலட்டை இரண்டு பேர் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். மூக்கு வழியாக 8 அடி உயரச் சரக்குதான் போகும், பக்கவாட்டுக் கதவில் 10 அடி. மூக்குக் கதவின் அருமை நீளத்தில். எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களை அப்படியே நேராகச் செருகிவிடுவோம்.

ஒரு ராத்திரி, ஒரு கம்பெனியின் சரக்கு விமானத்தில் பின்பக்கச் சரக்கு அப்படியே இருக்க, முன்பக்கச் சரக்கை மளமளவென்று இறக்கிவிட்டார்கள். நான் மூக்குச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். சக்கரக் காலில் பளபளவென்று ஒரு தண்டு தெரியும், அது விரற்கடை விரற்கடையாக நீண்டுகொண்டே வந்தது. விமானம் வாலைக் கீழே வைத்து உட்காரப் போகிறது! நான் போட்ட சத்தத்தில் வேலை நின்றது. வாலுக்கு முட்டுக் கொடுக்கும் கம்பம் பத்தடி தள்ளிச் சும்மா கிடந்தது. இன்னும் இரண்டு பாலட் இறங்கியிருந்தால் என் வேலை போயிருக்கும். தவறு என்னுடையது இல்லை என்றாலும்.

மொத்தம் 1574 செய்தார்கள். கடைசி 747-ஐ 2023 ஜனவரி 31-ல் ஒப்படைத்தார்கள். அதுவும் சரக்கு விமானம்தான்.

மகன் 787-ல் வருகிறான். அகமதாபாத் விபத்துக்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை.
— ஒரு தாய், மார்த்தாண்டம்

உங்கள் பயம் புரிகிறது அம்மா. 2011-ல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய 787-ல், அகமதாபாத் விபத்து நடந்த 2025 ஜூன் 12 வரை விபத்தில் ஓர் உயிர்கூடப் போனதில்லை. அந்த ஒரு நாளை நானும் மறக்கவில்லை. ஆனாலும் என் மகன் வந்தால் அதில்தான் வரச் சொல்வேன். உடம்பில் எடைக்குப் பாதி கார்பன் இழைக் கலவை என்பதால் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைக்க முடிகிறது. மற்ற பல விமானங்களில் 8000 அடி மலையில் இருப்பது போல என்றால் இதில் 6000 அடி. வந்து இறங்கும்போது களைப்பு குறைவாக இருக்கும். மீன்குழம்பு வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

எங்கள் காற்றாலை இறக்கையை விமானத்தில் ஏற்ற முடியுமா?
— ஆரல்வாய்மொழி வாசகர்

இப்போது வரும் பெரிய இறக்கைகளை முடியாது. லாரிதான், நாங்கள் வழிவிட்டு ஓரமாக நிற்பதுதான். ஆனால் விமானத்தின் இறக்கையே விமானத்தில் போகும். 787-ன் இறக்கைகளை ஜப்பானின் நகோயாவில் செய்து, வயிறு பெருக்கவைத்த பழைய 747-ல் ஏற்றி அமெரிக்கா கொண்டுபோகிறார்கள். அதற்கு மூக்கு திறக்காது, வால் பக்கவாட்டில் கதவு மாதிரித் திறக்கும்.

நீங்கள் கடைசியாக ஊர் திரும்பியது எதில்?
— பெயர் வேண்டாம், கருங்கல்

737-ல்தான். இறக்கைக்குப் பின்னால் சீட். கீழே ஹோல்டு கதவு சாத்தும் சத்தம் காலில் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் என் பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. ‘வடசேரி’ என்று பெரிதாகத்தான் எழுதியிருந்தேன். அன்றைக்கு ஹோல்டில் இருந்தவன் வேறு ஊர்க்காரன் போல.