ரெக்கார்ட் நோட்டும் இன்டர்வியூவும்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த வருடம் பி.எஸ்சி. உளவியல் முடித்தேன். வேலைக்காக மூன்று இன்டர்வியூ போய் வந்துவிட்டேன். ஒன்றில் ஹெச்.ஆர்., "சைக்காலஜியா? நான் இப்போ என்ன நினைக்கிறேன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டு வந்தேன். பி.காம். படித்த தோழிகள் டேலி தெரியும், ஜி.எஸ்.டி. தெரியும் என்கிறார்கள். எனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், மனிதர்களைப் புரிந்துகொள்வேன் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல வரவில்லை. ஆன்லைனில் ஒரு கவுன்சலிங் சர்ட்டிபிகேட் வாங்கினால் உதவுமா? என் ஆங்கிலமும் சுமார்தான்.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

நீ என்றே எழுதுகிறேன். என் தங்கை மகளும் நீ படித்ததைத்தான் படித்தாள். போன வாரம் பரணை ஒதுக்கியபோது அவளுடைய ரெக்கார்ட் நோட்டு கையில் சிக்கியது. அதைப் புரட்டிக்கொண்டே இருந்தேன், உன் கடிதமும் வந்து சேர்ந்தது.

அந்த ஹெச்.ஆர். கேட்டது நக்கல், விட்டுத்தள்ளு. ஆனால் ஒன்று பார். தொழிற்துறை உளவியல் பேப்பரில் ஆள் தேர்வு பற்றிப் படித்திருப்பாய். ஷ்மிட், ஹண்டர் என்ற இருவர் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து 1998-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்கும் இன்டர்வியூ, வாய்க்கு வந்ததைக் கேட்கும் இன்டர்வியூவைவிட, யார் நன்றாக வேலை செய்வார்கள் என்பதைச் சரியாகக் கணிக்கிறது என்று அதில் இருக்கிறது. ஆக, அந்த அறையில் பாடம் தெரிந்த ஆள் நீதான். இதை அவரிடம் போய்ச் சொல்லி வைக்காதே! "அது தெரியாது சார். ஊகிக்காம, கேட்டுத் தெரிஞ்சுக்கப் படிச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார், போதும்.

சர்ட்டிபிகேட் வேண்டாம். வார இறுதியில் வாங்கிய காகிதத்தை வைத்துக்கொண்டு யாருக்கும் ஆலோசனை சொல்லக் கிளம்பிவிடாதே. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவும் வேண்டும். 1992-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது.

இனி திட்டு. "மனிதர்களைப் புரிந்துகொள்வேன்" என்று சொன்னாயே, அதை எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சியும் சொல்வார். யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று முப்பது வருடமாகச் சரியாகக் கணித்து வருகிறவர். அவரோடு போட்டிக்குப் போனால் நீ தோற்பாய். உனக்குத் தெரிந்தது வேறு. அது ரெக்கார்ட் நோட்டில் இருக்கிறது.

என் தங்கை மகள் கண்ணாடி வரைதல் பிராக்டிகலுக்கு என்னைத்தான் உட்கார வைத்தாள். கையை மறைக்கும் பலகைக்குப் பின்னால் கண்ணாடி. அதில் தெரியும் நட்சத்திரத்தைப் பார்த்தபடி இரட்டைக் கோட்டுக்குள் பென்சிலை ஓட்ட வேண்டும். முனை வந்ததும் கை எதிர்த்திசையில் இழுக்கும். பெரியம்மாதானே என்று வாய்க்கு வந்தபடி அவள் விளக்கவில்லை. தாளில் இருந்த விதிமுறையை அப்படியே வாசித்தாள். "இப்படியா போகணும்?" என்று கேட்டால், "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிப் போங்க" என்பாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நான் பல்லைக் கடித்தது, "சனியன்" என்றது எல்லாம் குறிப்பில் ஏறியது. முடிந்ததும், "வரையும்போது உள்ளே என்ன ஓடிச்சு?" என்று கேட்டு, நான் சொன்னதை என் வார்த்தையிலேயே எழுதினாள். நோட்டில் என் பெயர் கிடையாது. முதலெழுத்தும் வயதும்தான். என் மாமியார் வந்து, "நேத்து பக்கத்து வீட்டுக்காரி எத்தனை தப்பு பண்ணினா?" என்று கேட்டார். "அதெல்லாம் சொல்லக் கூடாது பாட்டி" என்று மூடிவிட்டாள்.

அந்த அரைமணி நேரத்தில் அவள் செய்ததை எண்ணிப் பார். எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டாள், பதிலை எடுத்துக்கொடுக்காமல் இருந்தாள், பார்த்ததையும் கேட்டதையும் தனித்தனியாகக் குறித்தாள், அடுத்தவர் ரகசியத்தைக் காத்தாள். இதற்குத்தான் கம்பெனிகள் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கின்றன.

முல்லர்-லையர் பிராக்டிகலும் செய்திருப்பாய், 1889-லிருந்து உலகத்தை ஏமாற்றிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு கோடுகள். நீளம் ஒன்றுதான், ஆனால் ஒன்றின் முனைகளில் அம்புமுனை உள்நோக்கியும் மற்றதில் வெளிநோக்கியும் விரிவதால் ஒன்று குட்டையாகவும் மற்றது நீளமாகவும் தெரியும். ஒரு கோட்டை நகர்த்தி, இரண்டும் சமம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்த வேண்டும். கோட்டைப் பாதி முறை நீளத்திலிருந்து குறைத்து வருவோம், பாதி முறை குட்டையிலிருந்து நீட்டிப் போவோம். அம்புமுனையைப் பாதி முறை இடப்பக்கம் வைப்போம், பாதி முறை வலப்பக்கம். ஏன் என்று உன்னிடம் யாராவது கேட்டார்களா? நகர்த்தும் திசையும் வைக்கும் இடமுமே விடையைக் கொஞ்சம் சாய்த்துவிடும். இரண்டு பக்கமும் சமமாகச் செய்தால் அந்தச் சாய்வு அடிபட்டுப் போகும். வாடிக்கையாளர் கருத்துக்கேட்பில் கேள்விகளின் வரிசையை மாற்றி மாற்றி வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். சர்வே கம்பெனி இன்டர்வியூவில் இதை நான்கு வரியில் சொல்லிப் பார். டேலி தெரிந்த பெண்ணுக்கு அந்த நான்கு வரி வராது.

இங்கே ஒரு சந்தேகம் எனக்கு. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதினாயா? உண்மையைச் சொல். சப்ஜெக்ட், அதாவது சோதனைக்கு உட்கார ஆள், கிடைக்கவில்லை என்று வீட்டிலேயே உட்கார்ந்து நொடிக்கணக்கையும் தப்புக்கணக்கையும் நிரப்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். எல்லோருடைய நோட்டிலும் கருதுகோள் அச்சுப் பிசகாமல் நிரூபணமாகியிருக்கும். நிஜ மனிதர்களை உட்கார வைத்தால் அப்படி வராது கண்ணு. ஒருத்தருக்குத் தூக்கம், ஒருத்தருக்குக் கண் பார்வை சரியில்லை, ஒருத்தர் உன்னைச் சந்தோஷப்படுத்த நினைத்து வேகமாக வரைவார். கணக்கு இடறும். அப்போது ஏன் இடறியது என்று தேடியிருப்பாய் பார், இன்டர்வியூவில் சொல்ல வேண்டிய கதை அதுதான். நகலெடுத்தவர்களுக்கு அந்தக் கதை இருக்காது. அதனால்தான் வாயைத் திறந்தால் "டீம் ஒர்க், எம்பதி" என்று வருகிறது. நீ அந்தக் கூட்டம் என்றால் அழாதே. அத்தை, சித்தப்பா, மாடி வீட்டுப் பையன் என்று நாலைந்து பேரை உட்கார வைத்து இந்த வாரமே ஒரு பிராக்டிகலை ஒழுங்காகச் செய். நோட்டு இல்லாமலே பேச வரும்.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதே. முதலில் தமிழில் எழுதி உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டு. அவருக்குப் புரிந்த பிறகு ஆங்கிலத்தில் எழுது, சின்னச் சின்ன வாக்கியமாக.

எந்த வேலைக்குப் போனாய் என்று நீ எழுதவேயில்லை. ஆள் எடுக்கும் வேலையா, சர்வேயா, சிறப்புக் குழந்தைகள் பள்ளியா? எந்தப் பிராக்டிகலைச் சொல்வது என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அதை எழுது. நீ செய்த பிராக்டிகல்களின் பட்டியலையும் சேர்த்து அனுப்பு.