தேய்ந்த லாரி டயரை ரீட்ரெடிங் செய்து, அதாவது தேய்ந்த மேல் ரப்பரை மட்டும் புதிதாக மாற்றி, ஓட்டலாமா? அதை எப்படிச் செய்கிறார்கள்?

நாமக்கல் பக்கத்தில் ஒரு ரீட்ரெடிங் பட்டறையில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். தாராளமாக ஓட்டலாம், ஆனால் பட்டன், அதாவது சாலையைத் தொடும் மேல் ரப்பர், தேய்ந்தாலும் அதற்கு அடியில் இருக்கும் கேசிங், அதாவது டயரின் கூடு, கெடாமல் இருக்க வேண்டும். விமான டயர்களையே இப்படிப் பலமுறை புதுப்பித்து ஓட்டுகிறார்கள். எம்.ஆர்.எஃப். நிறுவனமும் டயர் செய்யத் தொடங்குவதற்கு முன்பே, 1952-இல், இதற்கான ட்ரெட் ரப்பரைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது.

முதலில் டயரை விரித்துப் பிடித்து, விளக்கை உள்ளே விட்டு, விரலால் தடவிப் பார்த்து, ஆணி ஏறிய இடங்களையும் உப்பிய இடங்களையும் சாக்பீஸால் வட்டமிடுவோம். பிறகு பழைய பட்டனை பஃபிங் இயந்திரத்தில் சீவி, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் என்னும் ரப்பர் பசை அடித்து, குஷன் கம் என்னும் மெல்லிய, இன்னும் வேகாத ரப்பரை ஒட்டுவோம். குளிர் முறையில், ஏற்கெனவே வார்ப்பு பதிந்து வெந்த பட்டையை அதன்மேல் சுற்றி, ரப்பர் உறை போட்டு, சேம்பரில் ஏறக்குறைய 100 டிகிரி வெப்பத்தில் அழுத்தத்தோடு சில மணி நேரம் வைப்போம். அங்கே குஷன் கம் வெந்துதான் கேசிங்கையும் பட்டையையும் பிணைக்கிறது. சூடான முறையில் வார்ப்பில்லாத ரப்பரைச் சுற்றி, அச்சில் வைத்து 150 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வேகவைப்பார்கள்.

இதில் நான் செய்த ஒரு தவறு இன்றும் உறுத்துகிறது. கேசிங்கில் எஃகுக் கம்பிகள் உள்ள ஒரு ரேடியல் டயரில் மிளகு அளவே இருந்த ஆணித் துளையை, மேலாக அடைத்தால் போதுமென்று விட்டுவிட்டேன். ஒரே மாதத்தில் பட்டை பாளமாக உரிந்து திரும்பி வந்தது. அறுத்துப் பார்த்தபோது, துளை வழியாக இறங்கிய மழைநீரால் உள்ளங்கை அகலத்துக்கு எஃகுக் கம்பிகள் துருப்பிடித்திருந்தன. துருவின்மேல் ரப்பர் பிடிக்காது. அதற்குப் பிறகு ஒவ்வொரு துளையையும் கம்பி பளபளப்பாகத் தெரியும்வரை தோண்டாமல் நான் மூடியதே இல்லை.

வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பட்டன் இடுக்கில் 1.6 மி.மீ. உயரத்தில் இருக்கும் தேய்மான மேடு சாலையைத் தொடுவதற்கு முன்பே டயரைக் கழற்றிவிடுங்கள். கம்பி தெரியும்வரை ஓட்டிய டயரையும், காற்றில்லாமல் ஓடிப் பக்கச்சுவர் நசுங்கிய டயரையும் எந்தப் பட்டறையாலும் காப்பாற்ற முடியாது. ரீட்ரெட் செய்த டயரை முன்சக்கரத்தில் மாட்டாதீர்கள். பஃபிங் முடிந்ததும், ரப்பர் ஏற்றும் முன், கேசிங்கை ஒருமுறை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். நல்ல பட்டறைக்காரர் மறுக்கமாட்டார்.